யோபுவிடம் கடவுள் கேட்டவை
பொதுக்காலம் 12-ஆம் ஞாயிறு, ஜூன் 23, 2024
யோபு 38:1, 8-11, 2 கொரிந்தியர் 5:14-17, மாற்கு 4:35-41



இன்றைய முதல் வாசகம் ஐந்தே வசனங்கள். வீட்டுக்குப் போனதும் யோபு நூலின் 38, 39 அதிகாரங்களை யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். கால் மணி நேரம்தான் ஆகும். கடவுள் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார். பூமிக்கு அடித்தளம் போட்டபோது யோபு எங்கே இருந்தார்? கடலை அதன் எல்லையில் நிறுத்தியது யார்? ஆலங்கட்டி எங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது? மனிதர் குடியில்லாத காட்டில் மழை பெய்கிறதே, அது யாருக்காக? மலையாடு எந்த மாதத்தில் குட்டி போடும்? குஞ்சுகள் பசித்துக் கத்தும்போது காக்கைக்கு இரை கொடுப்பது யார்? இத்தனை கேள்விகளில் ஒன்றுக்குக்கூட யோபுவிடம் பதில் இல்லை.

இந்த யோபு யார்? ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளை இழந்தவர். ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பாலைநிலத்துப் பக்கமிருந்து வந்த பெருங்காற்று மோதி, வீடு இடிந்து அவர்கள்மேல் விழுந்தது. வெம்பக்கோட்டைக்காரர்களான நாம் இதை எங்கோ நடந்த பழங்கதையாகக் கேட்க முடியாது. 2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை, ராமுதேவன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் கட்டடங்கள் தரைமட்டமானபோது போன உயிர்களும் பத்து. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. துக்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: “ஏன் சாமி?”

யோபு கேட்டதும் அதைத்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் ‘ஏன்’ என்று கேட்டால், கடலையும் காக்கையையும் பற்றிக் கேட்பதா பதில்? இரக்கமில்லாத பேச்சாகத் தோன்றலாம். ஆனால் யோபுவின் நண்பர்கள் செய்ததையும் பாருங்கள். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால் வந்தது என்றார்கள். நூலின் முடிவில் கடவுளுடைய கோபம் யார்மேல் திரும்புகிறது தெரியுமா? அழுது புலம்பி, வாதாடி, கேள்வி கேட்ட யோபுமேல் அல்ல. எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த அந்த நண்பர்கள்மேல். கேள்வி கேட்டவர்தான் சரியாகப் பேசினார் என்று கடவுளே சொல்லிவிடுகிறார்.

அதனால் கடவுளுடைய கேள்விகள் யோபுவின் வாயை அடைக்க வந்தவை அல்ல என்றே நான் நம்புகிறேன். துக்கத்தில் கவிழ்ந்து கிடந்தவரின் முகத்தை நிமிர்த்தி, நீ வாழும் உலகத்தை ஒருமுறை பார் என்கிறார். கேட்கத் தெரிந்தவனோடு கடவுளும் கேள்வியாலேயே பேசுகிறார். அந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டை நம் மண்ணில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: “கரிசக்காடு மட்டும் ஏன் சாமி பாளம் பாளமா வெடிக்குது? செம்மண்ணு அப்படி வெடிக்கலையே?” இந்த மாதம் நம் புஞ்சைகளில் இருக்கிற வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகிறது. உள்ளே விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி தட்டுகிறது. கரிசலில் இருக்கும் களிமண், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாலானது. சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் அந்தத் தகடுகளுக்கு நடுவே மழைநீர் புகுந்தால் மண் உப்புகிறது. வெயிலில் நீர் போனால் சுருங்கிப் பிளக்கிறது. செம்மண்ணின் களி வேறு வகை. தகடுகளுக்கு இடையே அவ்வளவு தண்ணீரை அது விடாது. கோடை முழுவதும் மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. பிறகு மழை வந்து வெடிப்பு மூடும்போது, மேல்மண் அடியில் போயிருக்கும். ஏர் பூட்டாமலே நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. மழைக்கு முன்னால் புழுதி விதைப்பு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த நம் பாட்டன் பூட்டன்கள் இந்தக் களிமண்ணின் அமைப்பை அறியாதவர்கள். மண்ணின் குணத்தை அறிந்தவர்கள். அந்தச் சிறுமியிடம் ‘அது அப்படித்தான்’ என்று சொல்லியிருந்தால், இத்தனை அழகையும் அவளிடமிருந்து மறைத்த பாவம் எனக்கு வந்திருக்கும்.

அடுத்து, கடல். கடல் இல்லாத ஊரில் யோபுவின் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்கலாம். 2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, நம் ஊரை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் மூன்றாம் கட்ட அகழாய்வு தொடங்கியது. 2022 மார்ச்சில் முதல்முறை தோண்டியதிலிருந்து அங்கே கிடைத்தவற்றில் எனக்குப் பெரிய வியப்பு சங்கு வளையல்கள்தான். சங்கை வட்டமாக அறுத்து, தேய்த்து, மெருகேற்றிய வளையல்கள், உடைந்த துண்டுகள். கரிசல் மண்ணுக்குள் கடலின் எலும்பு எப்படி வந்தது? மன்னார் வளைகுடா இங்கிருந்து நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்கு மேல். மேட்டுக்காட்டை ஒட்டி ஓடும் நம் வைப்பாறு போய்ச் சேருவது அந்த வளைகுடாவில்தான். முத்தும் சங்கும் குளித்த கடல் அது. அந்தச் சங்கை யாரோ மூழ்கி எடுத்தார்கள், யாரோ சுமந்து வந்தார்கள், நம் ஊரில் ஒரு கைவினைஞர் உட்கார்ந்து அறுத்தார், ஒரு பெண் அணிந்தாள்.

அந்தக் கடலின் எல்லைக்கோடும் எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்நீரில் ஒரு பகுதி வடக்கே பனிப்பாளங்களாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கு மேல் கீழே இருந்தது. அன்றைக்கு நம் நாட்டிலிருந்து இலங்கைக்குத் தரைவழியாகவே போக முடிந்தது. அதற்கும் வெகு முன்னால், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், அரியலூர் வட்டாரம் கடலுக்கு அடியில் கிடந்தது. அங்கே இன்றும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. கடலுக்குக் கடவுள் எல்லை போட்டார் என்று வேதம் சொல்வது இதனால் பொய்யாகிவிடவில்லை. அந்த எல்லை எவ்வளவு பொறுமையாக வரையப்படுகிறது என்பதுதான் நமக்குத் தெரிகிறது. அந்தப் பொறுமை மனிதனுக்கு இல்லை. மன்னார் வளைகுடாவில் கரைக்கு அரணாக நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தோம். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன.

இப்போது உங்கள் கைகளுக்கு வருகிறேன். நற்கருணை வாங்க நீங்கள் நீட்டும் கைகளை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் பட்டாசு மருந்தின் அலுமினியத் தூள் வெள்ளி நிறமாய் மின்னுகிறது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஏதோ அழுக்கோடு வந்துவிட்டதுபோல அரைகுறையாக நீட்டுகிறவர்களும் உண்டு. தாய்மாரே, வெட்கப்படாமல் நீட்டுங்கள். அந்த அலுமினியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாக்சைட் கல்லிலிருந்து. நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அந்தக் கல் இருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்து, பாறையிலிருந்து கரையக்கூடியதை எல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய கல் அது. வாணவெடியில் பச்சை நிறம் தந்த பேரியத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது உங்களுக்குத் தெரியும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். இந்த இரண்டில் பெரும்பகுதியும், நம் சூரியன் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்து முதுமையடைந்த விண்மீன்களின் வயிற்றில் உண்டானவை. கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் பற்றி யோபுவிடம் கேட்ட கடவுள், விண்மீனின் சாம்பலை உங்கள் கையில் கொடுத்து அல்லவா வேலை வாங்குகிறார்!

இதே மருந்துதான் கொல்லவும் செய்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘உராய்வு ஏற்பட்டு’ என்று ஒரு வரி வருகிறது. ஊரில் ‘நேரம்’ என்கிறார்கள், ‘விதி’ என்கிறார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதானே! மண்ணும் மருந்தும் விதியைப் பார்த்து நடப்பதில்லை. கடவுள் வைத்த ஒழுங்கின்படி நடக்கின்றன, அந்த ஒழுங்கை நாம் கேட்டு அறிய முடியும். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது மெல்லச் சூடேறும். குவித்துவைத்த இடத்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். நேற்று மிஞ்சிய மருந்தை இன்றைக்கு வைத்திருக்கக் கூடாது என்பது அதனால்தான். வறண்ட காற்றில் நைலான் சேலை உரசினால் மின்னேற்றம் சேரும். அதன் ஒரு பொறி போதும். பருத்தி உடுத்தச் சொல்வது அதனால்தான். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று வைத்தது, வெடித்தால் ஐந்தாவது உயிர் போகாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கில்.

ஆகவே கேளுங்கள். மிஞ்சிய மருந்து எங்கே போகிறது என்று போர்மேனிடம் கேளுங்கள். இந்த அறையில் ஏன் எட்டுப் பேர் என்று கேளுங்கள். உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகையிலும் ஏன் என்று கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குத் தெரியும். தனியாகக் கேட்டால் போகும். நாலு ஊர்க்காரர் சேர்ந்து கேட்டால் அவ்வளவு எளிதில் போகாது. முதலாளிகள் யாரேனும் இந்தக் கோயிலில் இருந்தால், கேட்கிறவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் ஆலையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி கேட்டால் விசுவாசம் குறையும் என்று நினைக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மேத்யூ என்ற இயேசு சபைக் குரு இருந்தார். தமிழ்நாட்டின் செடிகொடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 1980-களில் அவற்றைப் பற்றிப் பெரிய நூல்வரிசையே எழுதினார். அவர் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் இன்றும் அங்கே இருக்கிறது. பூசையும் வைத்தார், இலையின் நரம்பையும் எண்ணினார்.

நற்செய்தியில் படகு தண்ணீர் ஏறி அமிழப் போகிறது. இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பிச் சொன்னது வேண்டுதல்கூட இல்லை. நாங்கள் சாவதைப் பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்ற கோபக் கேள்வி. அப்படிக் கேட்டதற்காக அவர் யாரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. எழுந்து முதலில் காற்றை அடக்கினார். பிறகுதான் ஏன் பயந்தீர்கள் என்று அவர் பங்குக்குக் கேட்டார். காற்று நின்ற பிறகும் சீடர்களிடமிருந்து வந்தது கேள்விதான்: இவர் யார்? வாசகமே அந்தக் கேள்வியோடு முடிகிறது.

இன்றைய மன்றாட்டில் ராமுதேவன்பட்டியில் இறந்த பத்துப் பேருக்காகவும், இன்னும் தீக்காயத்தோடு கிடப்பவர்களுக்காகவும் செபிக்கிறோம். பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். பிள்ளைகளே, மண், மழை, நட்சத்திரம், எறும்பு, எதைப் பற்றித் தோன்றினாலும் எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் சேர்ந்து பதில் தேடுவோம். பெரியவர்களும் எழுதலாம். வேலை செய்யும் இடத்தைப் பற்றிய கேள்வியானால் பெயர் போட வேண்டாம். யாரிடம் கேட்க வேண்டுமோ, அவரிடம் நான் போய்க் கேட்கிறேன். இப்போது எழுந்து நின்று விசுவாச அறிக்கை செய்வோம்.