உட்காரும் உடலுக்கு

“கால் நீளமாத் தெரியும்.” “வயிறு உள்ளே போயிடும்.” “ஒல்லியாக் காட்டும்.” இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும், கால் அகன்ற ஜீன்ஸைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த மூன்றில் ஒன்று வந்துவிடும். விற்பவரும் இதைத்தான் சொல்கிறார், வாங்குபவரும் இதைத்தான் சொல்கிறார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. இடுப்புப் பட்டி மேலே ஏறினால் கால் அங்கிருந்தே தொடங்குவதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. அங்கிருந்து துணி தரைவரை தடையில்லாமல் விழும்போது உயரம் கூடித் தெரிகிறது. ஆனால் இவை மூன்றும் நிற்கும் பெண்ணைப் பற்றிய பேச்சு. எதிரே இருந்து அவளைப் பார்க்கும் கண்ணுக்காகச் சொல்லப்படுபவை.

என் நாளில் நிற்கும் நேரம் குறைவு. ஸ்கூட்டரில், ரயிலில், அலுவலக நாற்காலியில், சாயங்காலம் அம்மா வீட்டுத் திண்ணையில், ராத்திரி தரையில் தட்டை வைத்துக்கொண்டு என்று உட்கார்ந்தே கழிகிறது. பெரும்பாலான பெண்களுக்கும் அப்படித்தான். இல்லையென்றால் குனிகிறோம், குத்துக்காலிடுகிறோம், கையை உயர்த்திப் பேருந்துக் கம்பியைப் பிடிக்கிறோம். இருந்தும் உடை வாங்கும்போது கண்ணாடி முன்னால் நேராக நின்று, மூச்சை லேசாக இழுத்துக்கொண்டுதான் முடிவெடுக்கிறோம். ஒருநாளில் சில நிமிடங்களே இருக்கும் அந்த உடலுக்காகப் பணம் கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் இருக்கும் உடலைச் சமாளிக்கச் சொல்கிறோம். இது ஏன் என்பதுதான் என் கேள்வி. எனக்கு இது ஃபேஷன் பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை.

இந்த உடையின் பிறப்பே வேறுவிதம். லீவை ஸ்ட்ராஸும் தையற்காரர் ஜேகப் டேவிஸும் செம்பு ரிவெட் அடித்த கால்சட்டைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1873ஆம் ஆண்டு மே 20 அன்று. அது உழைக்கும் ஆண்களுக்கானது. பெண்களுக்கென்று தனியாக ஒரு ஜீன்ஸை அந்த நிறுவனம் கொண்டுவர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1934இல் வந்த அந்த ‘லேடி லீவைஸ்’ இடுப்பு உயர்ந்தது. மேற்கு அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த பெண்களையும், அங்கே விடுமுறைக்கு வந்து குதிரையேறிய நகரத்துப் பெண்களையும் மனத்தில் வைத்துத் தைத்தது. அடுத்த ஆண்டே ‘வோக்’ இதழின் பக்கங்களில் அது ஏறிவிட்டது என்பது பிற்பாடு. முதலில் அதை அணிந்தவர்கள் சேணத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள். இடுப்பு மேலே ஏறியிருந்தால்தான் முன்னால் குனியும்போது முதுகு தெரியாது, சட்டை வெளியே வராது. இன்றைய உயர் இடுப்பு ஜீன்ஸின் மூதாய் உட்காரும் பெண்ணுக்காகத் தைக்கப்பட்டவள். இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு அந்த நினைவு எங்கோ தொலைந்தது. 1993இல் லண்டனில் அலெக்சாண்டர் மெக்வீன் இடுப்பெலும்புக்கும் கீழே இறங்கிய ‘பம்ஸ்டர்’ கால்சட்டையை மேடையேற்றினார். அவர் அதை எல்லாப் பெண்களும் அணியச் சொல்லவில்லை. ஆனால் 2000க்குப் பிறகு நம்மூர்க் கடைகள்வரை வந்து சேர்ந்தது தாழ்ந்த இடுப்புதான். நான் கல்லூரிக்குப் போன காலம் அது. டவுன் பஸ் சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு கை தானாகவே பின்பக்கம் போகும். டாப்ஸைக் கீழே இழுத்துவிட வேண்டும். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதே வேலை. கீழே விழுந்த பேனாவை எடுக்க முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒரு சடங்கு போல இறங்க வேண்டும். அந்த வருடங்களில் என் வயது தோழிகள் எல்லாருமே ஒரு கையைத் தங்கள் உடைக்குக் காவலாக வைத்திருந்தோம். அப்போது யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

அடுத்து வந்தது ஒட்டிப்பிடிக்கும் ஸ்கின்னி. 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை, கொஞ்சமே கலந்தாலும் டெனிமை நீளச் செய்யும். அதனால் தோல் போல ஒட்டும் ஜீன்ஸ் தைக்க முடிந்தது. 2015இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதிய நிகழ்வு எனக்கு மறப்பதில்லை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர், உறவினர் வீடு மாற்ற உதவிக்குப் போயிருக்கிறார். இறுக்கமான ஜீன்ஸோடு மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு அலமாரிகளைக் காலி செய்திருக்கிறார். சாயங்காலம் கால் மரத்துப்போய், வீட்டுக்கு நடந்து வரும் வழியில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார். ஆடுசதை வீங்கி, ஜீன்ஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான்கு நாள் கழித்துத்தான் துணையில்லாமல் நடக்க முடிந்தது. அரிதான நிகழ்வுதான், ஸ்கின்னி அணிந்த எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. அவர் செய்த வேலையைப் பாருங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். குத்துக்காலிட்டு ஒரு வீட்டை ஒழித்துக்கொடுப்பது. நம் வீட்டுப் பெண்கள் குத்துக்காலிட்டு வேலை செய்யாத நாளில்லை.

ஆகவே அகன்ற கால் திரும்பி வந்தபோது நான் வரவேற்றேன். பெல்பாட்டம் வேறு, இது வேறு. பெல்பாட்டம் முழங்கால்வரை ஒட்டிக்கொண்டு அதன் பிறகே விரியும். இதில் இடுப்பெலும்பிலிருந்தே துணி விலகி விழுகிறது. சம்மணம் போடலாம். தரையில் பந்திக்கு உட்காரலாம். தொடைக்கும் துணிக்கும் நடுவே காற்று போகும். சென்னை வெயிலில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் கால் தரும் சுகத்தை இடுப்பு பறித்துக்கொள்ளவும் கூடும். உட்கார்ந்தால் வயிறு முன்னால் மடிகிறது, இடுப்பின் சுற்றளவு கூடுகிறது. உயர் இடுப்பு ஜீன்ஸின் பட்டி சரியாக அந்த மடிப்பின் மேல்தான் வந்து நிற்கும். நீட்சியில்லாத கெட்டி டெனிமாக இருந்தால் சாப்பிட்டு அரைமணி நேரத்தில் பட்டன் பதிந்துவிடும். ‘வயிறு உள்ளே போயிடும்’ என்று சொன்னார்களே, அந்த வயிறு எங்கும் போவதில்லை. உள்ளே இருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு வழி பழைய தையற்கலையிலேயே இருக்கிறது. கால்சட்டையின் கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரையிலான உயரத்தைத்தான் ரைஸ் என்கிறார்கள். கடைகளில் ஏழெட்டு அங்குலம் என்றால் தாழ்ந்த இடுப்பு, பதினொன்றும் அதற்கு மேலும் என்றால் உயர்ந்த இடுப்பு. அளவெடுத்துத் தைக்கும்போது இந்த உயரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் தெரியுமா? ஆளைத் தட்டையான நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பின் பக்கவாட்டிலிருந்து நாற்காலிப் பலகை வரை டேப் பிடிப்பார்கள். அதாவது உயர் இடுப்பா இல்லையா என்பதை முடிவு செய்யும் அளவே, உட்கார்ந்த உடலிலிருந்து எடுக்கப்படுவது. ரெடிமேட் வந்த பிறகு அந்த நாற்காலி நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

அதனால் நான் ட்ரயல் ரூமில் உட்காருவேன். ஸ்டூல் இருந்தால் ஸ்டூலில், இல்லையென்றால் தரையில் சம்மணமிட்டு. முன்பக்கம் இரண்டு விரல் நுழைகிறதா, பின்பக்கம் பட்டி முதுகை விட்டு வாய் பிளக்கிறதா, கவட்டுத் தையல் இழுக்கிறதா, கையை உயர்த்தினால் சட்டை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் எழுந்து கண்ணாடியைப் பார்ப்பது. முடிந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பட்டினி வயிற்றுக்கு வாங்கிய பேன்ட் பட்டினி வயிற்றுக்குத்தான் பொருந்தும்.

எண்ணை நம்பாதீர்கள். 28 என்று சீட்டில் போட்டிருப்பது ஒரு பிராண்டில் ஒன்று, இன்னொன்றில் வேறொன்று. டேப் வைத்துப் பட்டியை அளந்தால் பெரும்பாலும் அந்த எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும். வாங்குபவர் மனம் மகிழட்டும் என்று குறைத்துப் போடும் வழக்கம் அது. என் பாட்டிக்கு இடுப்பளவு என்று ஓர் எண் கடைசிவரை தெரியாது. சேலைக்கு எண் கிடையாது. காலையில் அன்றைய உடலுக்குத் தக்கபடி கொசுவம் வைத்துக் கட்டுவாள். மாதவிலக்கு நாட்களில் தளர்த்திக் கட்டுவாள். கர்ப்பத்திலும் அதே சேலை, பிள்ளை பெற்ற பிறகும் அதே சேலை. உடல் மாறும் என்பதை அந்தத் துணி ஏற்றுக்கொண்டிருந்தது. நமக்கோ எண் கூடினால் முகம் வாடுகிறது. உட்காரும்போது மூச்சு முட்ட இறுக்கினாலும் பரவாயில்லை, 30 வேண்டாம் என்று 28ஐ எடுத்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாட்டத்தை அவர்கள் தாங்களாகக் கற்கவில்லை.

சரி, எதோடு போடுவது? கீழே அகலமாக இருப்பதால் மேலே ஏதாவது ஓர் இடத்தில் உடலின் கோடு தெரிய வேண்டும், இல்லையென்றால் துணிக்குள் ஆள் தொலைந்துபோவார். இன் செய்யலாம். முழுவதும் இன் செய்த சட்டை பேருந்தில் கையை உயர்த்தினால் உருவிக்கொண்டு வரும், எனவே முன்பக்கம் மட்டும் செருகிப் பின்பக்கத்தை விட்டுவிடுவது அன்றாடத்துக்கு ஏற்றது. எனக்குப் பிடித்தது இடுப்பெலும்பில் முடியும் குட்டைக் குர்த்தி. சுங்குடியோ கலம்காரியோ, மெல்லிய பருத்தியில். செருகவும் வேண்டாம், உட்கார்ந்தால் கசங்கிச் சுருளவும் செய்யாது. முழங்கால்வரை நீண்ட குர்த்தி என்றால் பக்கப் பிளவு இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்து எழும்போதெல்லாம் பின்னால் மாட்டிக்கொள்ளும். துணியின் எடையையும் கேளுங்கள். சதுர கஜத்துக்குப் பதினான்கு அவுன்ஸ் டெனிம் அழகாக விழும், ஆனால் நம் ஊர் மே மாதத்துக்கு எட்டிலிருந்து பத்து அவுன்ஸே அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் கெட்டி டெனிமின் இடுப்புப் பட்டி காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

நீளத்தில்தான் வெளிநாட்டு அறிவுரை நமக்கு உதவாது. விளிம்பு தரையிலிருந்து அரை அங்குலம் மேலே, குதிகால் செருப்போடு அளந்து வெட்டு என்பார்கள். நாம் செருப்பை வாசலிலேயே விடுகிறவர்கள். வீட்டில், கோயிலில், உறவினர் வீட்டில், டாக்டர் கிளினிக்கில்கூட வெறுங்கால். ஹீல்ஸுக்கு வெட்டிய விளிம்பு அங்கெல்லாம் தரையைக் கூட்டிக்கொண்டு வரும், நாமே மிதித்துத் தடுக்கவும் கூடும். வெறுங்காலில் நின்று கணுக்கால் எலும்பை மூடும் நீளம் போதும். கோலாப்பூரிச் செருப்பும் ஸ்னீக்கர்ஸும் இரண்டுமே சேரும். மழைத் தண்ணீரைப் பருத்தி விளிம்பு முழங்கால்வரை உறிஞ்சி ஏற்றாது. வண்டியில் பின்னால் உட்காருகிறவர்கள் சாரி கார்டு இருக்கிறதா என்று பார்த்து, விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டு ஏறுங்கள். சேலைக்கு உள்ள ஆபத்து இதற்கும் உண்டு.

பாக்கெட்டையும் கையை விட்டுப் பாருங்கள். 2018இல் ‘தி புட்டிங்’ என்ற இணைய இதழ் இருபது பிராண்டுகளை அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு என்று கண்டது. இத்தனை துணி செலவழிக்கும் அகன்ற ஜீன்ஸில் கைபேசி நுழையும் பாக்கெட் வைக்காமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

அழகாகத் தெரிய ஆசைப்படுவது தப்பு என்று நான் நினைக்கவில்லை. கண்ணாடியில் கால் நீண்டு தெரிந்தால் எனக்கும் மனம் நிறைகிறது. அந்த நிறைவுக்கு மூச்சையும் சோற்றையும் விலையாகக் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை. உடம்பு இறுகாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. பேச்சில் கவனம் இருக்கிறது. அதுவும் பார்க்க அழகுதான், எந்தப் பிராண்டும் அதை விளம்பரத்தில் சொல்வதில்லை.

அண்மையில் என் அண்ணன் மகள் கல்லூரிக்கென்று ஒன்று வாங்க என்னை அழைத்துப்போனாள். 28 போட்டு நின்றாள், நன்றாகவே இருந்தது. “உக்காரு” என்றேன். உட்கார்ந்தாள். “கொஞ்சம் பிடிக்குது அத்தை, போகப்போக லூஸ் ஆயிடும்.” 30 எடுத்தோம். உட்கார்ந்தால் சுகம், நின்றால் முதுகில் இடைவெளி. எங்கள் தெருமுனையில் ஆல்டரேஷன் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனோம். இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் வீட்டு ஜாக்கெட்டெல்லாம் அவரிடம்தான்.

“சின்னதை வாங்கிட்டு அப்புறம் பிரிச்சு விட்டுக்க முடியாதாண்ணா?” என்று அவள் கேட்டாள்.

அவர் ஜீன்ஸை உட்புறம் திருப்பிக் காட்டினார். உள்கால் தையலும் பின்பக்க நடுத்தையலும், இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை நூல் ஓட்டியவை. விட்டுக்கொடுக்க உள்ளே துணியே இல்லை. “ஜாக்கெட்டுன்னா நாங்களே உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டு, மூணு தையல் போட்டு வெச்சிருப்போம் பாப்பா. வருசம் ஆக ஆக ஒவ்வொண்ணாப் பிரிச்சுக்கலாம். இதுல பிடிக்கலாம், விட முடியாது.”

அவள் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பின்பட்டியில் சாக்பீஸ் வைத்தார். “ரெண்டு இஞ்ச் பிடிக்கட்டுமா? சிக்குன்னு இருக்கும்.”

அவள் ஒரு நிமிடம் யோசித்துச் சொன்னாள். “ஒண்ணு போதும்ணா. ஹாஸ்டல்ல தரையிலதான் உக்காந்து படிப்போம்.”