யாருடைய விசுவாசம்?

செல்சி கால்பந்து கிளப்புக்காக 13 ஆண்டுகள், 211 கோல்கள். அந்த அணியில் வேறு யாரும் அத்தனை அடித்ததில்லை. அப்படிப்பட்ட ஃபிராங்க் லாம்பார்டின் ஒப்பந்தத்தை 2014-இல் கிளப் புதுப்பிக்கவில்லை. அவர் போட்டி கிளப்பான மான்செஸ்டர் சிட்டிக்குப் போனதும் இது துரோகமா, பிழைப்பா என்று வாதம் கிளம்பியது. அனுப்பிவைத்தது கிளப், விசுவாசத்தை மட்டும் வீரரிடம் கேட்பது என்ன நியாயம்?

அந்தச் செப்டம்பரில் சிட்டியின் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய லாம்பார்ட், 85-ஆவது நிமிடத்தில் செல்சிக்கு எதிராகவே கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கொண்டாடவில்லை. கையில் இருந்த வெற்றி நழுவியும் செல்சி ரசிகர்கள் அவரைக் கைதட்டி வாழ்த்தினார்கள். அந்த ரசிகர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.