மன்னிக்கும் உரிமை யாருக்கு?

கோவைத் தனியார் கல்லூரி ஒன்றின் விடுதியில் இளைய மாணவர் ஒருவரை அடித்து மொட்டையடித்ததாக 2023 நவம்பரில் சீனியர்கள் ஏழு பேர் கைதானார்கள். அதற்கு ஓராண்டு முன்னால், 2022 நவம்பரில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி விடுதியில் ஜூனியர்களை அரைநிர்வாணமாக்கி அலைக்கழித்த காட்சி வெளியாகி, அங்கும் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் ஒரு குரல் எழுகிறது: ‘படிக்கிற பிள்ளைகள், கேஸ் என்று போனால் வாழ்க்கையே வீணாகிவிடும், பேசி முடித்துக்கொள்ளலாம்.’ கேட்பதற்குக் கருணை போலத்தான் இருக்கிறது. ஆனால், அடிபட்டவனுக்கு உரிய ஒன்றை அடிபடாதவர்கள் எடுத்துத் தானம் செய்கிற வேலை இது. அறத்தின் பெயரால் இதை ஏற்க முடியாது.

சமரசம் பேசுவோர் வள்ளுவரையும் துணைக்கு அழைக்கிறார்கள். தீங்கு செய்தவர் வெட்கும்படி அவருக்கு நன்மை செய்துவிடச் சொன்னவர் அவர்தானே என்பார்கள். சொன்னார், யாருக்குச் சொன்னார்? இன்னா செய்யாமை அதிகாரத்தில், துன்பப்பட்டவனுக்குச் சொன்னார். குடிகளைக் காக்கும் பொறுப்பில் இருப்பவனுக்கு அவர் சொன்னது செங்கோன்மை அதிகாரத்தில் இருக்கிறது: குற்றம் செய்தவரைத் தண்டிப்பது அரசனுக்குப் பழியாகாது, அது அவன் தொழில் என்கிறார். விடுதியில் அடிபட்ட மாணவன் மன்னிக்கலாம். அது அவன் பெருந்தன்மை. முதல்வரும் வார்டனும் மன்னித்தால் அது கடமை தவறுதல். மற்றவர் நோயைத் தன் நோய்போல் கருதாதவனுக்கு அறிவு இருந்து என்ன பயன் என்று அதே இன்னா செய்யாமை அதிகாரம் கேட்கும் கேள்வி, படித்தவர்களைத்தான் முதலில் குத்த வேண்டும். சீனியர் என்ற அதிகாரத்துக்கும் நம் மரபில் இடமில்லை. ஒரே குடியில் பிறந்தவர்களுக்குள்ளும் மூத்தவன் என்பதற்காக ஒருவனை அழைக்காமல் அறிவுள்ளவன் வழியில்தான் அரசு நடக்கும் என்று புறநானூற்றின் 183-ஆம் பாட்டில் சொல்பவன் ஓர் அரசன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஓராண்டு முன்னால் கல்லூரியில் சேர்ந்ததையே தகுதியாகக் காட்டி வணக்கம் வாங்குபவர்கள் எந்த மரபைக் காக்கிறார்களோ தெரியவில்லை.

மரபு கிடக்கட்டும், சட்டம் வந்த வழியைப் பார்க்கலாம். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். சீனியர் மாணவர் ஒருவருக்கு அமர்வு நீதிமன்றம் 1998-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011-இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. அந்தக் கொலையின் அதிர்ச்சியில் பிறந்ததே தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். அதில் இரண்டாண்டு வரை சிறை உண்டு, கல்லூரியிலிருந்து நீக்கமும் உண்டு. பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். ராகிங்கைத் தடுக்க உச்ச நீதிமன்றம் அமைத்த ஆர்.கே. ராகவன் குழு 2007-இல் அறிக்கை தந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் போலீசில் புகார் தர வேண்டும் என்கின்றன. பேசி முடிக்கும் அதிகாரத்தை இவற்றில் எதுவும் கல்லூரிக்குத் தரவில்லை.

ராகிங்கால்தான் நட்பு வளர்கிறது என்பார்கள். மறுத்தால் அடி விழும் இடத்தில் கிடைக்கும் சம்மதம் சம்மதமே அல்ல. அங்கே முளைப்பது நட்பாக இருக்க முடியாது. பட்டவன் அடுத்த ஆண்டு அடிப்பவன் ஆகிறான், அவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை நினைக்க வேண்டாமா என்பது இதைவிடக் கனமான வாதம். நினைக்கத்தான் வேண்டும். கோலை ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, விழும்போது மென்மையாக விழச் செய் என்றவரும் வள்ளுவரே. தண்டனையின் அளவில் நீதிமன்றம் இரக்கம் காட்டட்டும். புகாரையே புதைப்பது வேறு. மேலும், எதிர்காலம் ஒரு தரப்புக்கு மட்டும் இருப்பதுபோல் பேசுவதுதான் இதில் பெரிய அநீதி. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் பகுதி. அப்படிப்பட்ட ஊரின் அரசுப் பள்ளியில் படித்து, 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் எதிர்காலம் இருக்கிறது. அவன் பேச்சு வழக்கு, அவன் சட்டை, அவன் அப்பாவின் தொழில் என்று இவற்றில்தான் ராகிங் முதலில் கை வைக்கும். படிப்பை விட்டுவிட்டு அவன் ஊர் திரும்பினால் அதற்கு வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை. ‘படிப்பு ஏறல’ என்று ஊர் சொல்லிவிடும்.

சேர்க்கையின்போது மாணவனிடமும் பெற்றோரிடமும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரம் வாங்குகிறார்கள். தன் பிள்ளை யாரையும் துன்புறுத்த மாட்டான் என்று மாரண்டஹள்ளியிலிருந்து வந்த தந்தை கையெழுத்துப் போடுகிறார். அவர் பிள்ளையை யாரும் துன்புறுத்தாமல் பார்த்துக்கொள்வோம், நடந்தால் 24 மணி நேரத்தில் போலீசுக்குப் போவோம் என்று முதல்வரும் வார்டனும் கையெழுத்திட்ட ஒரு தாளை அதே மேசையில் அவரிடம் கொடுத்தனுப்பலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.