நீடித்த ஹயாத்தின் பரக்கத்து

 

ஆயுள் என்பது அல்லாஹ் நமக்குக் கொடுத்த முதல். முதல் பெருத்தவரெல்லாம் லாபம் கண்டவரல்லர் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். மனிதரில் மேலானவர் யார் என்று கேட்கப்பட்டபோது, ஆயுள் நீண்டு அமலும் அழகானவரே என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாகத் திர்மிதீ ஷரீபில் வருகிறது. ஆயுள் நீண்டு அமல் கெட்டவரே கீழானவர் என்றும் அதிலேயே வருகிறது.

நம்மில் பலருக்கு இராமநாதபுரம் சீமையே பூர்வீகம். அச்சீமையின் இராமேசுவரத்தில் 2021 மார்ச் 7ந் தேதி முகம்மது முத்து மீரா லெப்பை மரைக்காயர் அவர்கள் 104 வயதில் வபாத்தானார்கள். 2002 முதல் 2007 வரை இந்திய ஜனாதிபதியாயிருந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் மூத்த அண்ணன் அவர்.

நீண்ட ஹயாத்து அக்குடும்பத்துக்குப் புதிதல்ல. அவர்களின் தகப்பனார் ஜைனுலாப்தீன் அவர்கள் 1976ல் காலமானபோது வயது 102 என்று கலாம் அவர்களே எழுதியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து தொழுதுவிட்டு, நாலு மைல் தொலைவிலுள்ள தென்னந்தோப்புக்கு நடந்து போய், தேங்காய்களைத் தோளில் சுமந்து வருவார்களாம். வயது அறுபதைத் தாண்டியும் அவ்வழக்கத்தை விடவில்லை. தொழுகையும் உழைப்புமே அந்த வீட்டின் முதல்.

2006 மே மாதத்தில் கலாம் அவர்கள் தம் உறவினர் 52 பேரை டெல்லி ஜனாதிபதி மாளிகைக்கு அழைத்துத் தங்கவைத்தார்கள். தொண்ணூறு வயதை எட்டிய இந்த அண்ணனும் வந்திருந்தார். சர்க்கார் மோட்டார் ஒன்றையும் தொடவில்லை. தேநீர் உட்பட எல்லாவற்றுக்கும் கணக்கெழுதச் சொல்லி, 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாயைத் தம் கையிலிருந்தே கட்டினார்கள். மூத்தவருக்குச் செய்யும் மரியாதை ஹலாலான சொந்தக் காசில் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

ஆனால் 2015 ஜூலை 27ல் தம்பியே 83 வயதில் முந்திக்கொண்டார். நூறை நெருங்கிய அண்ணன் இருந்து அந்தத் துக்கத்தைத் தாங்கினார். மவுத்து வயது வரிசை பார்த்து வருவதில்லை. “இன்னும் நாளிருக்கிறது, பெருநாளுக்குப் போய்ப் பார்ப்போம்” என்று நாம் தள்ளிப்போடுவது எந்த நம்பிக்கையில்?

முதுமையடைந்த பெற்றோரைப் பார்த்துச் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்பது பனீ இஸ்ராயீல் சூராவில் அல்லாஹ்வின் கட்டளை. மாதந்தோறும் பணம் அனுப்பினால் கடன் தீர்ந்தது என்று எண்ணலாகாது. சரக்குக் கடன் காசால் அடைபடும். வளர்த்த கைக்குப் பட்ட கடன் அடைபடாது.

இங்கே ஜொகூரில் இரவு பத்து மணிக்குக் கடையடைக்கும்போது ஊரில் ஏழரை மணிதான். வாப்பாவும் உம்மாவும் பெரியத்தாவும் தூங்கியிருக்கமாட்டார்கள். டெலிபோனில் அழைத்து, அவர்கள் சொல்வதை அவசரப்படாமல் கேளுங்கள். வசதியுள்ளவர்கள் இவ்வருஷமே போய்ப் பாருங்கள். பெரியவர்களை இழந்தவர்கள் அவர்களுக்காக துஆச் செய்து, தர்மம் கொடுத்து, அவர்களின் சிநேகிதர்களை ஆதரியுங்கள். தகப்பனின் சிநேகிதரை ஆதரிப்பது தகப்பனுக்குச் செய்யும் நன்மையென்பது நபிமொழி.

நம் பெரியோருக்கு ஆபியத்தான ஹயாத்தையும், முந்திச் சென்றவர்களுக்கு மஃபிரத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.