வாடிக்கையும் அமானிதமும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீட்டிலிருந்தபடியே வியாபாரம் செய்யும் நம் சகோதர சகோதரிகள் இன்று பலர். புர்கா, அத்தர், பேரீச்சம்பழம், காசிமேட்டு மீன் எல்லாம் கைபேசியில் படம் போட்டு விற்கப்படுகின்றன. கடை வாடகை இல்லை. ஆனால், வாங்குவோர் கண்முன்னே சரக்கும் இல்லை, விற்பவர் முகமும் இல்லை. ஆகவே, ஒருமுறை வாங்கியவரை மீண்டும் வரவழைப்பதற்கென்றே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. பெயர் சொல்லி ஸலாம் உரைப்பது, பெருநாள் வாழ்த்து அனுப்புவது, பிள்ளையின் பரீட்சையை நினைவில் வைத்து விசாரிப்பது! இந்த அன்பு உள்ளத்திலிருந்து வருகிறதா, கல்லாப் பெட்டியிலிருந்து வருகிறதா?

இலாபத்தை நாடி இன்முகம் காட்டுவது குற்றமன்று. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். வாங்கியவர் மனம் வருந்தித் திருப்பித் தரும் பொருளை ஏற்றுக்கொள்வதன் சிறப்பும் ஹதீஸில் வந்துள்ளது. ('விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலகை மாட்டும் சகோதரர்கள் கவனிக்கட்டும்.) பார்க்காமல் வாங்கியதைப் பார்த்தபின் மறுக்கும் உரிமையை ஹனஃபி மத்ஹபு வாங்குபவருக்குத் தருகிறது. படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறவருக்கு இது எவ்வளவு பொருத்தம்!

அன்பின் உண்மை சோதனையில்தான் தெரியும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. அந்நாட்களில் மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். "இது எங்கே பிடித்த மீன், பாய்?" என்று பழைய வாடிக்கைக்காரர் கைபேசியில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையைச் சொன்னால் அன்றைய போணி போய்விடலாம். அவரோ செவுளைத் தூக்கிப் பார்க்க வழியின்றி, நம் சொல்லையே நம்பிக் கேட்கிறார். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை மதீனாச் சந்தையில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அந்தக் குவியலிலாவது கைவிட்டுப் பார்க்க முடிந்தது!

பேரம் பேசத் தெரியாமல் விற்பவரையே நம்பி வாங்குபவருக்கு 'முஸ்தர்ஸில்' என்று சட்டநூல்களில் பெயர் உண்டு. அவரிடம் அளவுமீறி விலை வாங்கினால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டென்பது ஹன்பலி மத்ஹபின் தீர்ப்பு. நம் பழைய வாடிக்கைக்காரர் யார்? அவரும் முஸ்தர்ஸில்தானே! புதியவரை இழுக்கத் தள்ளுபடி கொடுக்கலாம். அந்த நஷ்டத்தை விலை கேட்காத பழையவர் தலையில் கட்டுவது நம்பிக்கைக்கு விதிக்கும் அபராதமன்றி வேறென்ன?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள துணியொன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் கிடைத்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. அதனால் அவர்களுக்கு ஒரு வாடிக்கைக்காரரும் கூடியிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. வாங்குபவரின் எண், முகவரி, வீட்டுப் பெண்களின் உடையளவு எல்லாம் நம் கைபேசியில் இருக்கின்றன. இவை அமானிதம். வேறு வியாபாரிக்குக் கொடுப்பதற்கு நமக்கு உரிமையில்லை. தொழிலை விட்டுவிடும்போது அவற்றை அழித்துவிட வேண்டும். பாக்கி வைத்தவர்களின் கணக்கை மட்டும் அது தீரும்வரை வைத்துக்கொள்ளலாம்.