முடியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது

சைக்காலஜி படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று உன்னை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கூடக் கேட்டிருப்பார். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா என்று சிரித்திருப்பார். நீயும் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்து சாப்பிட்டு எழுந்திருப்பாய். தங்கையே, தம்பி, இனி அந்தக் கேள்விக்குத் தலை குனியாதே! பதில் இருக்கிறது. இந்த நாட்டில் பத்துக் கோடிப் பேருடைய ரத்தத்தில் அந்தப் பதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2023-ல் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முடிவு வெளிவந்தது. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஆய்வு அது. நாடு முழுக்க 1,13,043 பேரைப் பார்த்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. நாளைக்கு நோயாளி ஆகக்கூடிய எல்லையில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி.

இவர்களில் இனிப்பு கெடுதல் என்று தெரியாதவர் யார்? நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லாத ஆள் யார்? தெரியும். எல்லாருக்கும் எல்லாமும் தெரியும். தெரிந்தும் செய்வதில்லை. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் கிடக்கிறது. மருந்துக் கம்பெனிகளால் மூட முடியாத பள்ளம். அதில் இறங்கி வேலை செய்கிறவர்தான் ஹெல்த் பிஹேவியர் ரிசர்ச்சர், அதாவது உடல்நல நடத்தை ஆய்வாளர். மனித மனத்தையும் படிக்க வேண்டும், மலை மலையாகக் குவியும் தரவுகளையும் படிக்க வேண்டும். இரண்டும் கைவந்தவர்கள் உலகம் முழுக்கவே குறைவு. அந்த இடம் காலியாக இருக்கிறது, உனக்காக.

இந்தத் துறை பிறந்ததே ஒரு தோல்வியில்தான். 1950-களில் அமெரிக்காவின் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை வீதி வீதியாக அனுப்பியது. பைசா செலவில்லை. வண்டி வாசலுக்கே வந்து நின்றது. அப்படியும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஜனங்களைத் திட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம். அங்கே இருந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்ற சமூக உளவியலாளர்கள் அப்படிப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். தனக்கும் இந்த நோய் வரும் என்று ஒருவர் நம்புகிறாரா? சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்று நம்புகிறாரா? நம்புகிறவர்கள் வந்தார்கள், நம்பாதவர்கள் வரவில்லை. வாசலில் நின்ற வண்டியைவிட மனதில் இருந்த நம்பிக்கைக்கு வலிமை அதிகம் என்பது அங்கே எண்ணிக்கையாகத் தெரிந்தது.

அந்த நம்பிக்கையையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஆல்பர்ட் பண்டூரா. 1925-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் முண்டேர் என்ற குட்டி ஊரில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பெற்றோர், முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள். அப்பா தண்டவாளம் போட்டவர், அம்மா கடையில் வேலை பார்த்தவர். ஊரில் இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பஞ்சம். மேல்நிலைப் பாடம் முழுவதற்கும் இரண்டே பேர். பிள்ளைகள் தாமாகவே படித்துத் தேற வேண்டிய நிலை. பள்ளிப் படிப்பு முடிந்த கோடையில் அலாஸ்கா நெடுஞ்சாலையில் குழி அடைக்கும் வேலைக்குப் போனார். வசதியான ஊர், பேர்பெற்ற பள்ளி, கோச்சிங் சென்டர் எதுவும் இல்லை. உனக்கு இல்லாதது அவருக்கும் இல்லை!

உளவியலுக்கு அவர் வந்ததும் திட்டமிட்டு அல்ல. பல்கலைக்கழகத்துக்குக் காரில் சேர்ந்து போன நண்பர்கள் எஞ்சினீயரிங்கும் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பும் படிப்பவர்கள், விடியற்காலையிலேயே கிளம்புகிறவர்கள். தன் வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அந்த நேரத்தில் நடந்த ஒரு பாடத்தில் சேர்ந்தார். அது சைக்காலஜி. நேரம் போக்கச் சேர்ந்த வகுப்பு அவரை 1953-ல் ஸ்டான்ஃபோர்டில் கொண்டு சேர்த்தது. 2021-ல் மறையும்வரை உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் உளவியலாளர்களில் ஒருவராக இருந்தார். கிடைத்த கோர்ஸ் இது, விரும்பிய கோர்ஸ் அது என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாயா? கிடைத்ததைப் பிடித்து ஆழமாகத் தோண்டு!

ஸ்டான்ஃபோர்டில் அவர் செய்த ஒரு சோதனையைச் சற்று நின்று பார்ப்போம். பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களைத் தேடி அழைத்தார். தோட்ட வேலை, முகாம் வாழ்க்கை எல்லாவற்றையும் அந்தப் பயத்தினால் விட்டவர்கள். சிலருக்குப் பல வருஷமாகக் கனவிலும் பாம்பு. "பயப்படாதீர்கள், உங்களால் முடியும்" என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. ஆய்வாளர் பாம்பைக் கையாளுவதை முதலில் தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு உறை போட்ட கையால் ஒரு தொடல். தலையையும் வாலையும் ஆய்வாளர் பிடித்துக்கொள்ள, நடு உடம்பை வெறுங்கையால் தொடச் சொன்னார்கள். கடைசியில் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக. சினிமா காட்டிப் பயம் போக்கிய முறையைவிட, தளர்வாக உட்காரவைத்துக் கற்பனையில் பழக்கிய முறையைவிட, கையால் செய்து பழகிய முறை வென்றது. சிகிச்சை முடிந்த ஒரு பெண்ணின் கனவில் வந்த மலைப்பாம்பு பாத்திரம் கழுவக் கூடமாட உதவியதாம். பண்டூராவே பின்னாளில் சொன்னது.

அவரை வியக்க வைத்தது இன்னொன்று. பாம்புப் பயம் போனவர்கள் வேறு பயங்களையும் எதிர்த்து நிற்கத் துணிந்தார்கள். இதுவே முடிந்தது, அது முடியாதா என்ற எண்ணம் மற்ற இடங்களுக்கும் பரவியது. 1977-ல் எழுதிய கட்டுரையில் இந்தத் தன்னாற்றல் நம்பிக்கைக்கு நாலு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்கச் சொல், தன் உடம்பின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நாலில் முதலிடம் செய்து ஜெயிப்பதற்கு. ஊக்கச் சொல் தனியாக நின்றால் பலவீனம், அனுபவம் எதிராக வந்தால் சட்டென்று கரைந்துவிடும். நான் எழுதும் இந்த வரிகளும் அந்த மூன்றாம் வகைதான். ஆகவே சிலிர்த்துப்போய்ப் பத்திரிகையை மூடி வைத்துவிடாதே. கையை நீட்டி முதல் தொடலைத் தொடு!

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். சர்க்கரை நோயின் எல்லையில் நிற்கிற, வேலைக்குப் போகிற ஆண்களை வெறும் எஸ்.எம்.எஸ். அனுப்பிக் காப்பாற்ற முடியுமா? 8,741 பேரைப் பரிசீலித்து 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சலித்துச் சலித்துப் பதினாறில் ஒருவர்! இந்தத் தொழிலின் பொறுமை இதுதான். ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் துவண்டு போகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டதை எழுதி அனுப்பவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ப்ரோச்சாஸ்கா புகைப்பிடிப்பவர்களை ஆராய்ந்து, மனிதர் மாறுவதற்குப் படிகள் உண்டு என்று காட்டியிருந்தார். மாறும் எண்ணமே இல்லாதவர் ஒரு படி, யோசிக்கிறவர் ஒரு படி, தொடங்கிவிட்டவர் ஒரு படி, வழுக்கி விழாமல் காக்கிறவர் ஒரு படி. யார் எந்தப் படியில் நிற்கிறாரோ அதற்கேற்ற செய்தி. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், செய்தி கிடைக்காத 266 பேரில் 73 பேர் சர்க்கரை நோயாளி ஆகியிருந்தார்கள். செய்தி கிடைத்த 271 பேரில் 50 பேர்தான். 27 சதவீதம் 18 ஆக இறங்கியது. புது மருந்து இல்லை, ஊசி இல்லை. ஆள் அறிந்து அனுப்பிய சின்னச் சின்ன வாக்கியங்கள்! 2013-ல் லான்செட் குழும இதழில் உலகமே அதைப் படித்தது. மனமும் கணக்கும் கைகோத்தால் என்ன நடக்கும் என்று கேட்பவருக்கு இந்த ஒரு ஆய்வைக் காட்டு.

பெண்களுக்கு? அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. எங்கே ஆய்வு நிற்கிறதோ அங்கே உன் வேலை தொடங்குகிறது.

இனி டேட்டா பக்கம். நடைக் கணக்கு எடுக்கும் ஆய்வு ஒன்றின் கோப்பைத் திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும்: மாலை 4 மணி முதல் 4.30 வரை, அடிகள் 0. அடுத்த வரியிலும் 0. அதற்கடுத்தும் 0. கம்ப்யூட்டர் இவரைச் சோம்பேறி என்று எழுதிவிடும். அவர் யார்? ஐம்பது வயது இல்லத்தரசி. புடவையில் பாக்கெட் கிடையாது. போன் ஷெல்ஃபில் சார்ஜில் கிடக்கிறது. அவரோ கொல்லைக்கும் அடுப்படிக்கும் மாடிக்குமாக நாளெல்லாம் நடந்துகொண்டிருக்கிறார். அந்த 0 பொய். அது பொய் என்று எந்தச் சூத்திரமும் தானாகச் சொல்லாது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஒருவருக்குத்தான் தெரியும். மனிதரைத் தெரியாமல் மெஷின் லேர்னிங் மட்டும் கற்றவர் அந்தப் பொய்யின் மேல் கோபுரம் கட்டுவார். மனிதரை மட்டும் தெரிந்து கோப்பைத் திறக்கப் பயப்படுகிறவர் அந்தப் பொய்யைத் திருத்தவே முடியாது. நீ இரண்டும் கற்றவளாக வா!

வந்தவர்கள் இருக்கிறார்கள். சூசன் மர்ஃபி கணக்குப் பக்கத்திலிருந்து வந்தவர், புள்ளியியல் பேராசிரியர். ஹார்ட்ஸ்டெப்ஸ் என்ற ஆய்வில் அவரும் சக ஆய்வாளர் ப்ரெட்ராக் க்ளாஸ்ன்யாவும் 44 பேருடைய போனை ஆறு வாரம், தினம் ஐந்து வேளை, நடக்கச் சொல்லிச் செய்தி அனுப்பலாமா வேண்டாமா என்பதைக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்ய வைத்தார்கள். தொடக்கத்தில் செய்தி வந்த அடுத்த அரை மணியில் 66 சதவீதம் கூடுதல் நடை. நாள் போகப் போக அந்தப் பலன் தேய்ந்தது. முதல் வாரம் மட்டும் பார்த்திருந்தால் வெற்றி விழா கொண்டாடியிருப்பார்கள். தேய்மானத்தையும் மறைக்காமல் பிரசுரித்தார்கள். இந்தத் துறையில் நான் மிக மதிப்பது இந்த நேர்மையைத்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் சூசன் மிச்சி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர், உளவியலாளர். "கவுன்சலிங் கொடுத்தோம்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகும் ஆய்வுகளால் யாருக்கும் பயனில்லை என்று கண்டு, மனிதர் நடத்தையை மாற்ற உதவும் உத்திகளை 2013-ல் சகாக்களுடன் 93 எனப் பிரித்துப் பட்டியலிட்டார். பிறகு ஆயிரக்கணக்கான ஆய்வறிக்கைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படிக்க வைக்கும் திட்டத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்களோடு உட்கார்ந்தார். அதற்காக அவர் உளவியலைக் கைவிடவில்லை. தன் உளவியலைக் கம்ப்யூட்டருக்கே பாடம் நடத்தினார்.

கணக்கு வராது என்கிறாயா? யார் சொன்னது? ஒன்பதாம் வகுப்பில் பலகைக்கு முன்னால் நிறுத்தி உன்னைத் திட்டிய ஒரு குரலா? அந்தக் குரலை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பாய்? கோப்பைத் திறந்ததும் உள்ளங்கை வியர்த்தால் வியர்க்கட்டும். உடம்பு ஒரு புது வேலைக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். பாம்பை முதல் நாளே யாரும் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நீயும் முதல் நாளே டீப் லேர்னிங்கில் குதிக்காதே. முப்பது பேரின் தூக்க நேரத்தை எக்ஸெலில் ஏற்று. சராசரி பார். சராசரியை ஏமாற்றும் ஒரே ஒருவர் யார் என்று கண்டுபிடி. படமாக வரை. பிறகு ஆர் மென்பொருளுக்குப் போ, காசே கிடையாது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால், நாலு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வு எழுதலாம். வயது வரம்பும் கிடையாது. கதவைப் பூட்டியிருப்பது வெளியாள் யாரும் இல்லை!

எஞ்சினீயரிங் முடித்துக் கோடிங்கில் கெட்டிக்காரனாக இருக்கும் தம்பி, உனக்கும் சொல்கிறேன். உன் பயம் மனிதர்களிடம் போய்ப் பேசுவது. அதற்கும் இதே வைத்தியம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க நிற்கிறவர் பக்கத்தில் உட்கார். போன மாத அட்டையில் மிச்சம் இருக்கிறதா என்று அன்பாகக் கேள். பத்து பேரிடம் கேட்ட பிறகு உன் மாடலில் எந்தக் காரணி விடுபட்டிருக்கிறது என்று உனக்கே தெரியும்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. பெரிய காரியம். ஆனால் வாசல் வரைதான் அரசாங்கத்தால் வர முடியும். வாசலிலிருந்து வாய் வரைக்குமான தூரம் உன் துறை. யார் வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் இருக்கிறார், உடம்பு நன்றாக இருக்கிறது என்று எந்த மாதம் நிறுத்துகிறார், கசாயமே போதும் என்று எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், எந்தப் பேத்தி சொன்னால் மறுபடி ஆரம்பிப்பார்? ஒவ்வொன்றும் ஒரு ஆய்வுக் கேள்வி. தமிழ் தெரிந்த, இந்த வீடுகளின் பேச்சு தெரிந்த ஒருவரால்தான் சரியாகக் கேட்க முடிகிற கேள்வி. வெளிநாட்டுப் பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த இடத்தில் உன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் தெருவில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஐந்து பேரைப் பார். அனுமதி கேட்டு, பெயரை எழுதாமல், நேற்று போட்டீர்களா, போடாவிட்டால் ஏன் என்று அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள். இரவு அதை ஐந்து வரிசையாக எக்ஸெலில் ஏற்று. அடுத்த ஞாயிறு ஆறாவது ஆளைப் பார்க்கப் போ.