பிரிக்காத இசைத்தட்டு

1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் இசை இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தது. ஜான் வில்லியம்ஸ் இசையமைக்க, லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஏராளமாக விற்ற தட்டு என்பதால், கேட்க மட்டும் வேண்டுவோருக்குப் பழைய பிரதி எளிதில் கிடைக்கும். சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது உறை பிரிக்காத பிரதிக்குத்தான். பொருளின் பயனை விளக்கக் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் செருப்பை உதாரணம் காட்டினார்: அதை அணியலாம், பண்டமாற்றுக்கும் கொடுக்கலாம். அணிவதே அதற்குரிய பயன் என்றார். இங்கே தட்டுக்குரிய பயனான கேட்பதைக் கைவிட்டால்தான் விலை ஏறுகிறது.

அறச்சிக்கல் விற்பவருக்கு. உள்ளே இருப்பதை அவரும் பார்த்ததில்லை. இறுகிய பிளாஸ்டிக் உறையால் தட்டு நெளிந்திருக்கலாம். பயன்படுத்திய தட்டுக்குப் புது உறை சுற்றி விற்கும் மோசடியும் உண்டு. அட்டையின் மூலைகள் தேய்ந்து, மேலுறை மட்டும் பளபளத்தால் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

விற்பவர் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்கு, ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ 'கடமைகள்' நூலில் ஒரு வணிகரைக் காட்டுகிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அவர் தானியம் கொண்டுவருகிறார். பின்னால் வேறு கப்பல்களும் வருவதைச் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்பது ஸ்டோயிக் தத்துவஞானி டயோஜினிஸின் வாதம்; அறிந்ததை மறைக்கக் கூடாது என்பது மற்றொரு ஸ்டோயிக்கான ஆன்டிபேட்டரின் வாதம். சிசரோ இரண்டாமவர் பக்கம்.

அந்த வாதம் அறிந்ததைப் பற்றியது. இசைத்தட்டு விற்பவரோ தமது அறியாமையையும் சேர்த்தே விற்கிறார். ஆகவே தட்டு எங்கே வாங்கியது, வெயில் படாமல் இருந்ததா, தாமே உறை சுற்றியதா என்பவற்றோடு, உள்நிலை தெரியாது என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும். பிரித்தபின் குறை தெரிந்தால் நட்டம் யாருக்கு என்பதையும் பணம் வாங்குமுன் பேசி முடிப்பதே நேர்மை.